பொனோலோ போட்ட குலவை

எங்கள் தலைநகர் கபரோனின் பேருந்து நிலையத்தில் காது கேட்கிற எவருக்கும் பொனோலோவைத் தெரியும். எங்கள் ஊரான மொச்சூடிக்குப் போகிற வேன்களுக்கு ஆள் கூப்பிடுவது அவன் வேலை. "மொச்சூடி! மொச்சூடி! ரெண்டே ரெண்டு சீட்டு, ஏறுங்க ஏறுங்க!" என்று அவன் கூவும்போது வண்டிக்குள் ஒரு ஈகூட உட்கார்ந்திருக்காது. ஏறியவர்கள் ஏமாந்துவிட்டோம் என்று முணுமுணுப்பார்களே தவிர, இறங்க மாட்டார்கள். அவன் குரலுக்கு அப்படி ஒரு பிடி உண்டு. பொனோலோ என்றால் எங்கள் மொழியில் மென்மை. பெயர் வைத்தவர்கள், குழந்தை வாய் திறக்கும்வரையாவது பொறுத்திருக்கலாம்.

ஆனால் ஊர் அவனைக் கொண்டாடியது அந்தக் கூவலுக்காக அல்ல, குலவைக்காக. குலவை போடுவது பெண்கள் காரியம். ஆண் பிள்ளை நாக்கைச் சுழற்றினால் சிரிப்பார்கள். பொனோலோவின் அம்மாவுக்கோ மூச்சு இழுப்பு. கல்யாண வீடுகளில் மற்றப் பெண்கள் குலவையிடும்போது அவள் மட்டும் மார்பைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். ஒருநாள் அவள் தோள் போர்வையைப் பிடித்துக்கொண்டு நின்ற ஆறு வயதுப் பயல், அம்மாவுக்குப் பதிலாகத் தான் வாயைத் திறந்தான். கொட்டிலில் மாடுகள் தலை தூக்கிப் பார்த்தன. மணப்பெண்ணே முக்காட்டை விலக்கிப் பார்த்தாள். அன்றிலிருந்து மொச்சூடியில் கல்யாணம் என்றால் பொனோலோ வேண்டும்.

வாசலுக்கு மட்டும் வேண்டும், பந்திக்கு வேண்டாம். அதையும் சொல்லிவிடுகிறேன். குலவை முடிந்ததும் ஒரு தட்டில் இடித்த இறைச்சியும் சோளக்களியும் வைத்து, கொட்டகைக்குப் பின்னால் கொண்டுபோய்க் கொடுப்பார்கள். அவன் யாரோடு வாழ்கிறான் என்பது ஊருக்கே தெரியும். தெரிந்தும் தெரியாத மாதிரி இருப்பதில் எங்கள் ஊரை யாரும் அடித்துக்கொள்ள முடியாது.

அவன் வாழ்ந்தது திரோவோடு. திரோ குளிர்சாதனப் பெட்டி பழுது பார்ப்பவன். ஒரு நாளைக்குப் பத்து வார்த்தை பேசினால் அன்று அவனுக்குக் காய்ச்சல் என்று அர்த்தம். கபரோனில் இரண்டு அறை வீட்டில் வாடகைக்கு இருந்தார்கள். வீட்டுக்காரம்மாவிடம் திரோ ஒன்றுவிட்ட தம்பி என்று சொல்லியிருந்தார்கள்.

"நல்ல தம்பிப்பா," என்பாள் அந்த அம்மாள். "எனக்கும் மூணு தம்பிங்க இருக்கானுங்க. ஒருத்தன்கூட என் துணியைத் துவைச்சு மடிச்சு வெச்சதில்ல."

இந்தப் பொய்யெல்லாம் எதற்கு என்றால், சட்டப் புத்தகத்தில் ஒரு பிரிவு இருந்தது. வெள்ளைக்காரன் எழுதிவைத்துவிட்டுப் போனது. அவன் கொடி போயிற்று, அவன் காசு போயிற்று, அந்தப் பிரிவு மட்டும் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவே இல்லை. ஆணும் ஆணும் கூடினால் இயற்கைக்கு விரோதம், ஏழு வருஷம் வரை சிறை. பேருந்து நிலையத்துப் பயல்கள் அதையே பொனோலோவுக்குப் பட்டப்பெயராக வைத்துவிட்டார்கள்.

"ஏய் ஏழு வருஷம்! என் வண்டிக்கு நாலு ஆளு கூப்பிடுடா!"

"உன் வண்டியில ஏர்றதுக்கு ஏழு வருஷம் உள்ளயே இருந்துட்டு வரலாம். பிரேக் இருக்கா அதுல?"

எல்லோரும் சிரிப்பார்கள். அவனும் சிரிப்பான். ஆனால் வீட்டில் படுக்கும் முன் திரைச்சீலையை இரண்டு தடவை இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் படுப்பான்.

சிரிப்புக் கதைகள் அவனிடம் மூட்டை மூட்டையாக உண்டு. அவற்றில் ராஜா, கேக் கைதான கதை. வாலிபத்தில் ஒரு சிநேகிதன் வீட்டுப் பிறந்தநாள். வாசல் கதவைச் சாத்திவிட்டு, பையன்கள் பையன்களோடு ஆடிக்கொண்டிருந்தார்கள். யாரோ போலீசுக்குச் சொல்லிவிட்டான். அந்த ஊர் சார்ஜென்ட் வேறு யாருமில்லை, பொனோலோவின் சொந்தத் தாய்மாமன் மொத்திபி. இரண்டு காவலர்களைக் கூட்டிக்கொண்டு வந்தவர், தெருமுனையில் நின்று விசிலை எடுத்து ஊதினார். இரண்டு சின்னது, ஒன்று நீளம். அவ்வளவுதான், உள்ளே இருந்தவர்கள் பின்வேலியைத் தாண்டிப் பறந்துவிட்டார்கள். பொனோலோவின் கால்சட்டை மட்டும் முள்கம்பியில் தங்கிவிட்டது. யாரோ ஒரு புண்ணியவதி கொடியில் காயப்போட்டிருந்த பாவாடையைக் கட்டிக்கொண்டு ஊர் போய்ச் சேர்ந்தான்.

"உள்ள வந்து பாத்தா கேக்கு மட்டும் இருந்துச்சாம். சரி, அதையாவது பிடிப்போம்னு மூணு போலீசும் கேக்கைக் கைது பண்ணிட்டாங்க!" என்று முடிப்பான். "நீங்களே சொல்லுங்க. திருடனைப் பிடிக்கப் போறவன் தெருமுனையிலயே விசில் அடிச்சுட்டா போவான்? எங்க மாமா மாதிரி ஒரு மண்டு போலீசு இந்த நாட்டுலயே கிடையாது. அதான் சார்ஜென்ட்டுக்கு மேல ஏறவே இல்ல."

மாமா எதிரில் இருந்தாலும் சொல்வான். மாமா மீசையைத் தடவிக்கொள்வார்.

மொத்திபி மாமா ஓய்வு பெற்ற பிறகும் போலீசை விட்டு ஓய்வு பெறாத மனிதர். காலையில் காக்கிக் கோட்டைப் போட்டுக்கொண்டுதான் கோழிக்குத் தீனி போடுவார். கோயில் சொல்வது, ஊர் சொல்வது எதுவும் அவருக்கு முக்கியமில்லை. சட்டம் சொல்வதுதான் வேதம். அடுத்த வீட்டு ஆடு இவர் தோட்டத்தில் மேய்ந்தால், இத்தனை மணிக்கு, இந்த நிற ஆடு, இந்தச் செடி என்று சாட்சியோடு சொல்வார். ஆட்டை விரட்ட மாட்டார்.

பொனோலோவின் அம்மா இறந்துபோனபோது தங்கை பாலேசாவுக்கு ஒன்பது வயது. பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டுப் பேருந்து நிலையத்தில் கூவ ஆரம்பித்தான் அண்ணன். அந்தக் கூவலில்தான் அவள் சீருடை போட்டாள், நர்சிங் படித்தாள், இன்று அரசு ஆஸ்பத்திரியில் ஊசி போடுகிறாள். அவளுக்குத் தலை பின்னிவிட்டது அவன். அவள் வயதுக்கு வந்ததும் கடைக்குப் போய் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, எல்லோர் காதிலும் விழும்படி வேண்டியதைக் கேட்டு வாங்கி வந்தவனும் அவன்தான்.

அந்தப் பாலேசாவுக்குக் கல்யாணம் நிச்சயமானது. மாப்பிள்ளை வீட்டார் வந்து, பெண்ணுக்குப் பரிசமாக எத்தனை மாடுகள் என்று பேசி முடித்துவிட்டுப் போனார்கள். மாமா வீட்டு முற்றத்தில் உறவுக்காரர்கள் இஞ்சிப் பானத்தோடு உட்கார்ந்து, யார் சமைப்பது, யார் கொட்டகை போடுவது என்று பங்கு பிரித்துக்கொண்டிருந்தார்கள்.

"வாசல்ல குலவை யாரு?" என்று கேட்டாள் மாமாவின் மனைவி சேத்துன்யா அத்தை.

"இதென்ன கேள்வி?" என்றாள் பாலேசா. "அண்ணன்தான்."

மாமா தொண்டையைச் செருமினார். செருமினால் முற்றம் அடங்கிவிடும்.

"ஊரான் வீட்டு வாசல்ல அவன் என்ன வேணா போடட்டும். இது சட்டத்துக்கு முப்பது வருஷம் ஊழியம் பண்ணவன் வீடு. சட்டம் யாரைக் குத்தவாளின்னு சொல்லுதோ, அவன் எழுப்பற சத்தத்துல என் மருமக படி தாண்ட மாட்டா."

"மாமா, அண்ணன் யாரைக் கொன்னான்?"

"நான் எழுதின சட்டமா அது? சட்டம் மாறட்டும். மாறின அன்னிக்கு அவன் வந்து என் வாசல்ல தொண்டை கிழியப் போடட்டும், நானே கதவைத் திறந்துவிடறேன்."

எல்லோரும் குனிந்துகொண்டார்கள். சேத்துன்யா அத்தை மட்டும் குவளையைக் கீழே வைத்துவிட்டு, நிதானமாக, எல்லோர் காதிலும் விழும்படி சொன்னாள்: "நீட்டின விரல் திரும்பும், சொன்ன சொல்லு திரும்பாது. எல்லாரும் கேட்டுக்கிட்டீங்கல்ல?"

"நான் என்ன திருப்பிக்கவா போறேன்!" என்றார் மாமா.

பொனோலோ வழக்கம்போல எதையாவது சொல்லிச் சிரிக்க வைப்பான் என்று பார்த்தார்கள். அவன் எழுந்து போய் வேலியோரமாக நின்றான். பாலேசா பின்னாலேயே போய் அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நீ குலவை போடலேன்னா நான் படி தாண்டமாட்டேன்ணே. மாப்பிள்ளை வேணும்னா கொட்டகையில உட்கார்ந்து களி தின்னுட்டுப் போகட்டும்."

"லூசு மாதிரி பேசாத," என்றான் அவன்.

அந்தப் பிரிவை எதிர்த்து உயர்நீதிமன்றத்தில் வழக்கு நடந்துகொண்டிருந்தது அவனுக்குத் தெரியும். ஆனால் அதெல்லாம் படித்தவர்கள் சமாச்சாரம், நம் காலத்தில் நடக்காது என்று இருந்துவிட்டான். ஒருநாள் மாலை திரோ வேலையிலிருந்து வந்து, கருவிப் பையைக்கூட இறக்கிவைக்காமல் நின்றான்.

"தீர்ப்புத் தேதி சொல்லிட்டாங்க."

"என்னிக்கு?"

"ஜூன் பதினொண்ணு. செவ்வாக்கிழமை."

கல்யாணம் ஜூன் பதினைந்து, சனிக்கிழமை! பொனோலோ போட்ட சத்தத்தில் வீட்டுக்காரம்மாள் துடைப்பத்தோடு ஓடி வந்தாள், பாம்பு என்று நினைத்துக்கொண்டு.

செவ்வாய்க்கிழமை காலை. எங்கள் நாட்டில் ஜூன் குளிர்காலம்; குளிர் எலும்பைக் கடித்தது. இருப்பதில் நல்ல சட்டையைப் போட்டு, அதற்கு மேல் திரோவின் கம்பளிச் சட்டையையும் போட்டுக்கொண்டு கிளம்பினான்.

"உள்ள போனா வாயைத் திறக்கக் கூடாது," என்றான் திரோ. "சத்தம் போட்டா வெளிய அனுப்பிடுவாங்க."

"வாயில பசை போட்டுக்கறேன். போதுமா?"

நீதிமன்றத்தில் இடம் கிடைப்பதே குதிரைக் கொம்பாக இருந்தது. வானவில் கொடியைத் தோளில் போர்த்தியவர்கள், நிருபர்கள், கருப்பு அங்கிக்காரர்கள், கையைப் பிசைந்துகொண்டிருந்த ஒரு அம்மாள், அவள் பக்கத்தில் அவள் மகன். பொனோலோ உட்கார்ந்து ஒரு சுற்றுப் பார்த்தான். பார்த்தவன் திரோவின் தொடையைக் கிள்ளினான்.

"கடைசி வரிசையைப் பாரு! அய்யோ, மாமாடா!"

மாமாவேதான். காக்கிக் கோட்டு, மடியில் தொப்பி, முதுகு நேராக. மொச்சூடியிலிருந்து முதல் வண்டி பிடித்து வந்திருக்க வேண்டும்.

"நான் தோக்கறதைக் கண்ணாலயே பாக்கணும்னு வந்திருக்காரு பாரேன்!"

"இல்ல," என்றான் திரோ. "காதால கேக்காம எதையும் நம்ப மாட்டார்."

நீதிபதிகள் மூவரும் வந்து அமர்ந்தார்கள். வாசிப்பு ஆரம்பமாயிற்று. இங்கிலீஷ்தான். பொனோலோவின் இங்கிலீஷ் வண்டிக்கு ஆள் கூப்பிடுகிற அளவுக்குத்தான் ஓடும். திரோ காதோரமாகக் கிசுகிசுத்து விளக்கினான். அன்று அவன் பேசிய அளவுக்கு அந்த வருஷம் முழுக்கப் பேசியதில்லை.

இங்கேதான் பொனோலோ தப்புப் பண்ணினான். அவன் அறிந்த நியாயசபை எங்கள் ஊர்மன்றம். அங்கே மரத்தடியில் எல்லோரும் பேசுவார்கள், வழக்காடுவார்கள், வாய் ஓயும்வரை திட்டிக்கொள்வார்கள். தலைவர் ஒரு வார்த்தை பேச மாட்டார். எல்லாம் முடிந்த பிறகு அவர் வாயைத் திறப்பார். திறந்தால் அதுதான் தீர்ப்பு, அதற்கு மேல் பேச்சில்லை. நீதிபதி என்பவர், இவர் என்ன சொன்னார், அவர் என்ன சொன்னார் என்று இரண்டு பக்கத்தையும் முதலில் விலாவாரியாக வாசித்துவிட்டு, தன் முடிவைக் கடைசியில்தான் சொல்வார் என்று அவனுக்கு யார் சொன்னார்கள்?

திரோ கிசுகிசுத்தான்: "வயசு வந்த ரெண்டு பேரு, தங்கள் வீட்டுக்குள்ள, தங்கள் இஷ்டத்தோட எப்படி வாழறாங்கன்னு பாக்கறதுக்கு அரசாங்கத்துக்கு அங்க என்ன வேலை—"

அவ்வளவுதான். தலைவர் வாயைத் திறந்துவிட்டார்! பொனோலோவின் வாயும் திறந்துகொண்டது. மாமா தடுத்த நாளிலிருந்து அடக்கி வைத்திருந்த குலவை கூரையில் மோதி, சுவரில் மோதி, மாட்டியிருந்த அரசுச் சின்னத்தை ஆட்டிவிட்டு வந்தது.

"டேய்! அது வழக்குப் போட்டவரு சொன்னதுடா!" என்று அவன் சட்டையைப் பிடித்து இழுத்தான் திரோ. "இன்னும் தீர்ப்புக்கே வரல!"

நீதிமன்றமே திரும்பிப் பார்த்தது. பூதம் மாதிரி ஒரு அம்மாள், நீதிமன்றக் காவலர், வந்து நின்றாள்.

"எழுந்திரிங்க."

"அம்மா, எங்க ஊர்ல தலைவர் வாயைத் திறந்தாலே தீர்ப்புதாம்மா..."

"இது உங்க ஊர் இல்ல. வெளிய போய் நில்லுங்க."

திரோ கூடவே எழுந்தான். பொனோலோ அவனைத் தோளில் அழுத்தி உட்கார வைத்தான். "நீ இருந்து கேளுடா. ஒருத்தனாவது கேக்கணும்." கடைசி வரிசையைக் கடந்தபோது மாமாவைப் பார்க்கத் துணிவில்லை. அவருடைய பளபளப்பான பூட்சை மட்டும் பார்த்துக்கொண்டு வெளியேறினான்.

வெளியே வெயில் இருந்தும் சூடில்லை. படிக்கட்டுக்குக் கீழே ஒரு பெண் பொரித்த மாவு உருண்டை விற்றுக்கொண்டிருந்தாள். ஒன்றை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டே நின்றான். நடந்தான், உட்கார்ந்தான், கதவில் காதை வைத்தான், காவலர் அம்மாள் விரட்டினாள், வந்து மறுபடி நின்றான். இருபது தடவை பாலேசாவிடமிருந்து போன் வந்தது.

"என்னண்ணே ஆச்சு?"

"தெரியாது! வெளிய தள்ளிட்டாங்க!"

"ஏன்?"

"குலவை போட்டுட்டேன்."

"அதுக்குள்ளயேவா? உன்னை வெச்சுக்கிட்டு நான் என்னதான் பண்றது!" என்றவள், அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியவில்லை.

வாசிப்பு நீண்டுகொண்டே போயிற்று. கையிலிருந்த உருண்டை கல்லாகிவிட்டது. திடீரென்று உள்ளே ஒரு இரைச்சல். கனத்த கதவு; அழுகையா ஆரவாரமா என்று பிரித்துச் சொல்ல விடவில்லை. கதவு திறந்தது. கடைசி வரிசைக்காரர் என்பதால் முதலில் வந்தவர் மாமா. தொப்பியை எடுத்துத் தலையில் வைத்தார், நேராக்கினார், படியிறங்கி மருமகன் முன் வந்து நின்றார். அந்த முகத்தைப் படித்து ஒன்றும் தெரிந்துகொள்ள முடியாது. பாறையைப் படிப்பது சுலபம்.

"ஒரு தடவைதான் சொல்லுவேன், கவனமா கேளு," என்றார். சாட்சிக் கூண்டில் நிற்கிற குரல். "நான் நேர்ல இருந்து, என் காதால கேட்டது. அந்தப் பிரிவு செல்லாது. மூணு நீதிபதியும் ஒரே முடிவு."

"அப்படீன்னா... மாமா?"

"அப்படீன்னா, நீ குத்தவாளி இல்ல."

பொனோலோ வாயைத் திறந்தான். ஒன்றும் வரவில்லை. படியில் பொத்தென்று உட்கார்ந்து, கையிலிருந்த மாவு உருண்டையை நெஞ்சோடு கட்டிக்கொண்டு அழுதான். சின்ன வயதில் அம்மாவின் போர்வைக்குள் முகத்தை வைத்து அழுவானே, அப்படி அழுதான்.

"தேவையில்லாத நேரத்துல கத்துவ. கத்த வேண்டிய நேரத்துல அழுவ," என்றார் மாமா. "சனிக்கிழமை விடியக்காலம் கதவு திறந்திருக்கும்." விறுவிறுவென்று நடந்து போய்விட்டார்.

அதற்குள் கதவுகள் பிளந்துகொண்டு கூட்டம் வெளியே கொட்டியது. கொடிகள் பறந்தன, யார் யாரையோ தூக்கிச் சுற்றினார்கள். "மழை! மழை!" என்று வாழ்த்துக் கூவினார்கள், வானத்தில் ஒரு பொட்டு மேகமில்லை. அந்தக் கூட்டத்தில் திரோ வந்தான். வாயே திறக்காத திரோ, கட்டிப்பிடிக்கத் தெருவில் ஒருநாளும் துணியாத திரோ, உயர்நீதிமன்றப் படிக்கட்டில், காமிராக்களுக்கு முன்னால், பொனோலோவை இழுத்து இறுக்கிக்கொண்டான். அப்போது வந்தது பார், குலவை! துரத்திய காவலர் அம்மாள்கூடக் கதவில் சாய்ந்து நின்று கேட்டாள். பெண்கள் சேர்ந்துகொண்டார்கள். ஒருவர் விட்ட இடத்தில் ஒருவர் எடுத்தார்கள்.

அன்று முதல் அவனை நிறுத்த ஆளில்லை. பேருந்து நிலையத்தில் வேன் கூரை மேல் ஏறிக் குலவை போட்டான். "இனிமே உன்னை என்னன்னுடா கூப்பிடறது?" என்று கேட்டான் பிரேக் இல்லாத வண்டிக்காரன். "ஏழு வருஷம் போச்சே?"

"எங்கம்மா ஒரு பேரு வெச்சிருக்கா. அதைச் சொல்லிக் கூப்பிடு."

"நல்லாயில்லயே, வேற யோசிப்போம்," என்றான் அவன். ஆனாலும் அன்று அவனே காசு போட்டு எல்லோருக்கும் குளிர்பானம் வாங்கிக் கொடுத்தான். கொண்டாட்டம் புதன், வியாழன் என்று ஓடியது. வீட்டுக்காரம்மாளிடம் பொனோலோ, "அவன் என் தம்பி இல்லீங்க," என்று சொன்னான். "அது எனக்கு மூணு வருஷமாத் தெரியும்பா," என்றாள் அவள்.

வெள்ளிக்கிழமை மொச்சூடிக்குப் போனார்கள், இருவருமாக. முற்றத்தில் ஆண்கள் மூன்று கால் சட்டிகளை அடுப்பேற்றியிருந்தார்கள். திரோ வாசலில் பையோடு தயங்கி நின்றான். கொட்டகைக்குப் பின்னால் போகச் சொல்வார்களோ என்று பொனோலோ அவனை ஒட்டி நின்றுகொண்டான். மாமா வந்து திரோவை ஏற இறங்கப் பார்த்தார்.

"கையில பலம் இருக்கா?"

"இருக்குங்க."

"அப்ப ஏன் வேடிக்கை பாத்துக்கிட்டு நிக்கறே? இறைச்சி இடிக்க ஆள் பத்தல. உலக்கையை எடு."

திரோ உலக்கையை எடுத்தான். ஆண்கள் நகர்ந்து இடம் விட்டார்கள். ஒரு பங்காளி மட்டும் சும்மா இருக்க மாட்டாமல், "அரசாங்கம் மேல்முறையீடு பண்ணுமாமே பெரியப்பா? அப்ப சட்டம் திரும்ப மாறிடுச்சுன்னா?" என்று கிளறினான்.

"நான் போலீஸ்காரன், ஜோசியக்காரன் இல்ல," என்றார் மாமா. "இன்னைக்கு எது சட்டமோ அதுதான் சட்டம். நீ உப்பைப் பாரு."

பொனோலோ இதைக் கேட்டுச் சந்தோஷத்தில் ஒரு குலவை போட்டான். பாதியில் அது கிறீச்சிட்டு நின்றுபோயிற்று. இருமிப் பார்த்தான். தண்ணீர் குடித்துப் பார்த்தான். சேத்துன்யா அத்தை இஞ்சியைத் தட்டிப்போட்டுக் கொடுத்தாள். கழுத்தில் துணி சுற்றிப் படுக்க வைத்தார்கள். காலையில் எழுந்து, "அத்தை" என்று கூப்பிட்டான். உதடு மட்டும் அசைந்தது.

தொண்டை போய்விட்டது. பேருந்து நிலையத்தில் இத்தனை வருஷம் மழையிலும் தூசியிலும் போகாத தொண்டை, தங்கை கல்யாணத்தன்று போய்விட்டது!

விடியலில் மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் நீல அச்சுத் துணியும் கட்டம் போட்ட போர்வையுமாக வரிசையில் வந்து, தரையில் அமர்ந்து, பணிவாகப் பெண் கேட்டார்கள். பெரியவர்கள் சம்மதம் சொன்னார்கள். சூரியன் வேலிக்கு மேல் வந்தது. மாமா தன் கையாலேயே வாசல் கதவை அகலத் திறந்து வைத்துவிட்டு ஒதுங்கி நின்றார். வீட்டுக்குள்ளிருந்து பாலேசா வந்தாள். படியில் ஒரு கால் வைத்து, அண்ணனைப் பார்த்து நின்றாள். ஊரே அவனைப் பார்த்தது.

பொனோலோ வாயைத் திறந்தான். ஓட்டைச் சக்கரத்தில் காற்று இறங்குகிற சத்தம் வந்தது.

யாரோ சிரித்தார்கள். அத்தை அவசரமாக, "நாங்க போடறோம், நீ இறங்கும்மா," என்றாள். பாலேசா வைத்த காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள்.

"அண்ணன் போடட்டும். நான் நிக்கறேன்."

"அவனுக்குத் தொண்டையே இல்லடி!"

"வர்ற வரைக்கும் நிக்கறேன்."

பொனோலோ மறுபடி முயன்றான், மறுபடியும் காற்றுதான். கண்ணில் நீர் கட்டியது. இதற்காகவா ஊரும் நாடும் நீதிமன்றமும் தாண்டி வந்தோம் என்று தன் வாயைத் தானே அறைந்துகொள்ளலாம் போலிருந்தது. மாமா மெல்ல அவனிடம் நடந்து வந்தார்.

"மூணு நாளா ஊர் ஊராக் கத்தித் தீர்த்தியேடா. நம்ம வீட்டுக்குன்னு ஒரு சொட்டு மிச்சம் வெக்கக் கூடாதா?"

சொல்லிக்கொண்டே காக்கிக் கோட்டுக்குள் கையை விட்டார். எடுத்தது பழைய விசில். வாயில் வைத்து ஊதினார். இரண்டு சின்னது, ஒன்று நீளம்.

பொனோலோவின் கால் தானாக வேலிப் பக்கம் திரும்பிவிட்டது! கதை தெரிந்த கூட்டம் கொல்லென்று சிரித்தது. "கால்சட்டை பத்திரம்!" என்று எவனோ கத்தினான். பொனோலோவும் சிரித்தபடி திரும்பினான். மாமா சிரிக்கவில்லை. விசிலைக் கையில் வைத்துக்கொண்டு அவனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஊர் பூரா சொல்லிச் சிரிச்சியே," என்றார், அவனுக்கு மட்டும் கேட்கிற குரலில். "திருடனைப் பிடிக்கப் போறவன் தெருமுனையிலயே விசில் அடிப்பானான்னு. நீ என்னிக்காவது யோசிச்சியாடா?"

பொனோலோவின் சிரிப்பு முகத்திலேயே நின்றது.

"வீட்டுக்குள்ளேர்ந்து உன் சிரிப்புச் சத்தம் தெரு வரைக்கும் கேட்டுச்சு. எனக்குத் தெரியாதா அந்தக் குரல்? முப்பது வருஷத்துல சட்டத்தை மீறினது அந்த ஒரு தடவைதான். இன்னொரு தடவை என்னால முடியாதுடா. அதனாலதான் அன்னிக்கு, சட்டம் மாறட்டும்னு..." அவர் முடிக்கவில்லை. மீசை துடித்தது. "போடுடா. அவ நிக்கறா பாரு."

மண்டு போலீசு என்று அத்தனை வருஷம் சொன்ன வாய் திறந்தது. அதிலிருந்து வந்தது குலவை என்று சொன்னால் பொய். கீறலும் விக்கலும் அழுகையுமாக, அடைத்த குழாயில் தண்ணீர் வருகிற மாதிரி விட்டு விட்டு வந்தது. இவ்வளவு மோசமான குலவையை மொச்சூடி கேட்டதே இல்லை. உலக்கையோடு நின்ற திரோ முகத்தைத் துடைத்துக்கொண்டான். பாலேசா படி தாண்டினாள்.

வாசல்வரை அவள் நடந்த தூரம் கொஞ்சம்தான். பொனோலோவால் அதற்குக்கூட முழு மூச்சில் குலவை போட முடியவில்லை. அவன் மூச்சு வாங்க நின்ற இடத்திலெல்லாம் மாமா விசில் ஊதினார்.